மூளைக்குள் நோயைத் தேடிய டாக்டர் அல்சைமர்

சித்திரபுரம் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய ஒரு தாய் என்று வைத்துக் கொள்வோம். வயதாகி வேலையில் இருந்து நின்றுவிட்டார். மகன் வீட்டில் இருக்கிறார். ஒரு நாள் கடைக்குப் போனவருக்கு லயத்துக்குத் திரும்பி வர வழி தெரியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எங்கேயோ வைத்துவிட்டு, மருமகள் எடுத்துவிட்டாள் என்று சண்டை பிடிக்கிறார். கடைசியில், பெற்ற மகனையே பார்த்து நீ யார் என்று கேட்கிறார்.

அக்கம்பக்கத்தார் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். செய்வினை என்பார் ஒருவர். பேய் பிடித்துவிட்டது என்பார் இன்னொருவர். மருமகள் மீது உள்ள கோபத்தில் நடிக்கிறார் என்று சொல்பவர்களும் உண்டு. வயதானால் புத்தி மாறத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

இது பேயும் அல்ல, நடிப்பும் அல்ல. மூளையைத் தாக்கும் நோய். இதை மைக்ராஸ்கோப் வைத்து உலகத்துக்குக் காட்டியவர் ஒரு ஜெர்மன் நாட்டு டாக்டர். அவருடைய பெயரே இன்று அந்த நோயின் பெயராக வழங்குகிறது. அவர்தான் அலோயிஸ் அல்சைமர்.

நோட்டரியின் மகன்

ஜெர்மனியின் தெற்கே, பவேரியாப் பகுதியில், மைன் நதிக்கரையில் மார்க்ட்பிரைட் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே 1864-ம் ஆண்டு ஜூன் மாதம் 14-ந்தேதி அல்சைமர் பிறந்தார். தந்தை எடுவார்ட், பத்திரங்களைப் பதிவு செய்யும் நோட்டரி வேலை பார்த்தவர். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் பின்னர் அஷாபென்பர்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அல்சைமர் மருத்துவம் படிக்க விரும்பினார். பெர்லின், வூர்ஸ்பர்க், டூபிங்கன் ஆகிய பல்கலைக்கழகங்களில் படித்தார். நல்ல உயரமும் பருமனும் கொண்ட வாலிபர். மாணவர் சங்கத்தில் சேர்ந்து வாள் சண்டை போட்டதில் முகத்தில் வெட்டுக் காயம் பட்டது. அந்தத் தழும்பு கடைசி வரை மறையவில்லை.

1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்காக அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை மூளையைப் பற்றியது அல்ல. காதில் குறும்பி சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது. ஆனால் அந்த ஆராய்ச்சியில்தான் மைக்ராஸ்கோப்பைக் கையாளும் பழக்கம் அவருக்கு நன்றாகப் படிந்தது.

விலங்கு இல்லாத ஆஸ்பத்திரி

1888-ம் ஆண்டு டிசம்பரில் பிராங்பர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். மனநோயாளிகளும் வலிப்பு நோயாளிகளும் இருந்த இடம் அது. கட்டிடம் கோட்டை போல இருக்கும். ஆகவே பைத்தியங்களின் அரண்மனை என்று ஊரார் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

இருநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகள். அவர்களைக் கவனிக்க எமில் சியோலி என்ற தலைமை டாக்டர் ஒருவர். அவருக்கு உதவியாக அல்சைமர் வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் மனநோயாளி என்றால் கட்டிப் போடுவது வழக்கம். கை கால்களை அசைக்க முடியாதபடி இறுக்கும் அங்கிகள், தனிக் கொட்டடி, நாற்காலியோடு சேர்த்துக் கட்டும் வார்கள் என்று பலவும் நடைமுறையில் இருந்தன. சியோலியும் அல்சைமரும் இவற்றைக் குறைக்க முனைந்தார்கள். கட்டுவதற்குப் பதிலாக வெந்நீரில் நீண்ட நேரம் குளிக்க வைத்தார்கள். தோட்டத்தில் உலாவ விட்டார்கள். பொதுக் கூடத்தில் படுக்க வைத்து இரவும் பகலும் பார்த்துக் கொண்டார்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று கருதினார்கள்.

1889-ல் பிரான்ஸ் நிசில் என்ற இளம் டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். மூளையின் செல்கள் மைக்ராஸ்கோப்பில் தெளிவாகத் தெரிய, அவற்றுக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். இருவரும் இணைபிரியாத நண்பர்கள் ஆனார்கள். பகல் முழுவதும் நோயாளிகளோடு இருப்பார்கள். மாலையானால் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து விடுவார்கள்.

அவர்களைப் பிடித்து ஆட்டிய கேள்வி ஒன்றுதான். மனம் கெட்டுப் போகிறது என்கிறார்களே, அப்போது மூளையில் என்ன ஆகிறது? இருமல்காரர் இறந்தால் நுரையீரலில் நோய் தெரிகிறது. மனநோயாளி இறந்தால் மூளையில் எதுவும் தெரியாதா?

இதற்கு ஒரு பதில் அப்போதே கைக்குத் தென்படத் தொடங்கியிருந்தது. அன்றைய ஐரோப்பிய மனநோய் ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களில் ஒரு பெரும் பங்கினர், மேக நோய் மூளைக்கு ஏறியவர்கள். தன்னை ராஜா என்பார்கள், கோடீஸ்வரன் என்பார்கள். பிறகு கை கால் விழுந்து இறந்து போவார்கள். இவர்களுடைய மூளையை வெட்டிப் பார்த்து, மற்ற மனநோய்களில் இருந்து இதை எப்படிப் பிரித்து அறிவது என்பதை அல்சைமர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1904-ல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்.

மறு ஆண்டு மேக நோயின் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கிருமி மூளைக்குள்ளேயே இருப்பதை 1913-ல் நோகுச்சி என்ற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். பின்னாளில் பென்சிலின் வந்தது. ஆஸ்பத்திரிகளை நிரப்பிக் கொண்டிருந்த ஒரு வகைப் பைத்தியம் ஏறக்குறைய மறைந்தே போனது.

கல்யாணமும் துக்கமும்

அல்சைமர் 1894-ல் செசிலி என்ற பெண்மணியை மணந்தார். வைர வியாபாரி ஒருவரின் விதவை அவர். வசதி படைத்தவர். இவர்களுக்கு ஒரு மகனும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள்.

ஆனால் இந்த வாழ்க்கை ஏழு ஆண்டுகள்தான் நீடித்தது. 1901-ம் ஆண்டு பிப்ரவரியில் செசிலி காலமானார். மூன்றாவது குழந்தைக்கு அப்போது மிகச் சிறிய வயது. அல்சைமரின் மணமாகாத சகோதரி எலிசபெத் வந்து குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றுக் கொண்டார். அல்சைமர் துக்கத்தை மறக்க முழு நேரமும் ஆஸ்பத்திரியிலேயே மூழ்கினார்.

அதே ஆண்டு நவம்பரில், அவருடைய பெயரை உலகம் அறியச் செய்த நோயாளி வந்து சேர்ந்தார்.

ரெயில்வே குமாஸ்தாவின் மனைவி

அந்தப் பெண்மணியின் பெயர் ஆகுஸ்தெ டெட்டர். வயது 51. கணவர் கார்ல், ரெயில்வேயில் குமாஸ்தா. ஒரே மகள். அதுவரை ஒழுங்காகக் குடும்பம் நடத்தி வந்தவர்.

முதலில் தோன்றியது மறதி அல்ல, சந்தேகம். கணவருக்கும் வேறு ஒரு பெண்ணுக்கும் தொடர்பு என்று திடீரென்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு சமையல் தப்பியது. வீட்டுக்குள்ளேயே காரணம் இல்லாமல் இங்கும் அங்கும் நடந்தார். பொருள்களை ஒளித்து வைத்தார். யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கூச்சல் போட்டார். கணவர் எவ்வளவோ பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்.

மறுநாள், நவம்பர் 26-ந்தேதி, அல்சைமர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கேள்விகள் கேட்டு, பதில்களை அப்படியே எழுதிக் கொண்டார். பெயர் கேட்டால் ஆகுஸ்தெ என்றார். குடும்பப் பெயர் கேட்டாலும் ஆகுஸ்தெ என்றார். கணவர் பெயரைக் கேட்டாலும் அதே பதில்தான். மத்தியானம் காலிபிளவரும் பன்றிக் கறியும் சாப்பிட்டுக் கொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். ஒரு சாவியையோ பென்சிலையோ காட்டினால் பெயர் சொல்வார். சற்று நேரத்தில் எதைப் பார்த்தோம் என்பதே மறந்துவிடும்.

பெயரை எழுதச் சொன்னார் டாக்டர். எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். தன்னையே தான் தொலைத்துவிட்டதாக அந்த அம்மையார் வருத்தத்தோடு சொன்னதை டாக்டர் குறித்து வைத்தார். தனக்கு ஏதோ ஆகிக் கொண்டிருக்கிறது என்பது அந்த அம்மையாருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அது சாட்சி.

அல்சைமருக்கு ஒன்று வியப்பாக இருந்தது. எண்பது வயதில் இப்படி ஆவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஐம்பது வயதில் ஏன்?

பெட்டியில் வந்த மூளை

இதற்கிடையே அல்சைமருக்கு ஊர் மாற்றம் வந்தது. எமில் கிரேப்பலின் என்பவர் அந்நாளில் ஜெர்மனியின் முதன்மையான மனநோய் நிபுணர். அவரிடம் சேர்ந்து, ஹைடல்பர்க் வழியாக 1903-ல் மியூனிக் நகரத்துக்குப் போனார். அங்கே மூளை ஆராய்ச்சிக் கூடம் அவர் பொறுப்பில் வந்தது. தொடக்கத்தில் சம்பளம் கிடையாது. மனைவி விட்டுச் சென்ற சொத்தை வைத்துக் குடும்பம் நடத்தினார்.

பல நாடுகளில் இருந்து வாலிப டாக்டர்கள் அவரிடம் படிக்க வந்தார்கள். ஒவ்வொரு மாணவர் பக்கத்திலும் உட்கார்ந்து, அவர் மைக்ராஸ்கோப்பைத் தானும் பார்த்து, பொறுமையாக விளக்குவார். வாயில் எப்போதும் சுருட்டு இருக்கும். பேச்சு சுவாரசியத்தில் சுருட்டை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விடுவார். மாலையில் பார்த்தால் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்குமாம்.

ஊர் மாறினாலும் ஆகுஸ்தெ அம்மையாரை அவர் மறக்கவில்லை. பிராங்பர்ட்டில் இருந்து விவரம் கேட்டுக் கொண்டே இருந்தார். அம்மையாரின் நிலை நாளுக்கு நாள் மோசமானது. பேச்சு நின்றது. கால்களை மடக்கிக் கொண்டு படுக்கையிலேயே கிடந்தார். படுக்கைப் புண் வந்து, அதில் விஷம் ஏறி, 1906-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந்தேதி இறந்து போனார். அப்போது அவருக்கு வயது 55.

சியோலி அம்மையாரின் மூளையையும் நோய்க் குறிப்புகளையும் மியூனிக்குக்கு அனுப்பி வைத்தார். அல்சைமர் அந்த மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டினார். வெள்ளி உப்பு கொண்டு சாயம் ஏற்றும் புதிய முறை அப்போதுதான் வந்திருந்தது. அந்த முறையில் பார்த்தார்.

மூளை முழுவதும் சுருங்கி இருந்தது. வெளிப் பட்டையில் உள்ள செல்களில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கெட்டுப் போயிருந்தன. சிக்கு விழுந்த நூல் கண்டு போன்ற முடிச்சுகள் அவற்றுக்குள் தெரிந்தன. சில இடங்களில் செல்லே அழிந்து முடிச்சு மட்டும் மிஞ்சி இருந்தது. செல்களுக்கு இடையே தினை விதை போன்ற படிவங்கள் திட்டுத் திட்டாகப் பரவி இருந்தன.

கணவர் மீது வந்த சந்தேகம், ஒளித்து வைத்த சாமான், மறந்து போன பெயர் எல்லாவற்றுக்கும் பின்னால் நடந்து கொண்டிருந்த அழிவு இதுதான்.

கேள்வி கேட்க ஆள் இல்லை

1906-ம் ஆண்டு நவம்பர் 3-ந்தேதி டூபிங்கன் நகரத்தில் மனநோய் டாக்டர்களின் மாநாடு நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் கூடியிருந்தார்கள். அல்சைமர் தன் கண்டுபிடிப்பை எடுத்துச் சொன்னார். படங்களும் காட்டினார்.

பேசி முடித்ததும் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. கூட்டம் அடுத்த பேச்சாளருக்குப் போய்விட்டது. மறு ஆண்டு அது சிறு கட்டுரையாக அச்சில் வந்தது.

அதே 1907-ல் பிராக் நகரத்தில் ஆஸ்கார் பிஷர் என்ற டாக்டரும் மறதி நோய் கண்ட முதியவர்களின் மூளையில் இதே படிவங்களைக் கண்டு எழுதினார். ஒருவர் மூளையை அல்ல, பலருடைய மூளையை அவர் ஆராய்ந்திருந்தார். ஆனால் 1910-ல் கிரேப்பலின் தமது பாடப் புத்தகத்தில் இந்த நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயர் சூட்டினார். அந்தப் பெயரே நிலைத்தது. யூதரான பிஷர், 1942-ல் நாஜிகளின் காவலில் மாண்டார். பல்லாண்டுகள் அவரை உலகம் மறந்தே இருந்தது.

தேடியும் கிடைக்காதது

அல்சைமர் இதோடு நிற்கவில்லை. மனச்சிதைவு நோய் கண்டவர்களின் மூளையையும் ஆராய்ந்தார். காதில் குரல் கேட்பதும், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நினைப்பதும் இந்த நோயின் குணங்கள். சில மாற்றங்கள் தெரிவதாக அவர் எழுதினார். ஆனால் மறதி நோயில் கண்டது போல, இதோ என்று விரலை வைத்துக் காட்டக் கூடிய அடையாளம் கிடைக்கவில்லை.

அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, உயிரோடு இருப்பவர் மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவி வந்தது. 1976-ல் லண்டன் டாக்டர்கள் நாட்பட்ட மனச்சிதைவு நோயாளிகளை அதில் பார்த்தார்கள். மூளைக்கு உள்ளே நீர் தங்கும் அறைகள் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். அதன் பின் நடந்த ஆராய்ச்சிகளும் இதை உறுதி செய்தன.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும் வேறுபாடு. தனி ஒருவரின் படத்தை மட்டும் வைத்து, இவருக்கு மனச்சிதைவு என்று சொல்லிவிட முடியாது. நோயாளியிடம் பேசித்தான் டாக்டர் அதை அறிகிறார். அதே போல, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், நோயே இல்லை, எல்லாம் நடிப்பு என்று வீட்டார் முடிவு கட்டுவதும் தவறு.

ரெயிலில் வந்த நோய்

1912-ல் அல்சைமருக்குப் பெரிய பதவி கிடைத்தது. பிரஸ்லா பல்கலைக்கழகத்தில் மனநோய்த் துறைப் பேராசிரியராக ஜெர்மன் சக்கரவர்த்தியே நியமித்தார். அந்த நகரம் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது.

பதவி ஏற்க ரெயிலில் போகும்போதே காய்ச்சல் கண்டது. அது இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதித்தது. பிரஸ்லாவில் இறங்கியதும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிறகு எழுந்து வேலை பார்த்தார் என்றாலும் பழைய உடம்பு திரும்பவில்லை. உலகப் போர் வேறு வந்தது. உதவியாளர்கள் போர்முனைக்குப் போக, வேலைச் சுமை கூடியது.

1915-ம் ஆண்டு டிசம்பர் 19-ந்தேதி அல்சைமர் காலமானார். அவருக்கு வயது 51. ஆகுஸ்தெ அம்மையார் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இருந்த அதே வயது. பிராங்பர்ட் நகரத்தில் மனைவியின் சமாதிக்குப் பக்கத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அந்த அம்மையாரைப் பற்றி அவர் எழுதிய நோய்க் குறிப்பு நெடுங்காலம் காணாமல் போயிருந்தது. 1995-ம் ஆண்டு டிசம்பரில் பிராங்பர்ட் ஆஸ்பத்திரியின் பழைய கட்டுகளில் இருந்து அது வெளிவந்தது. அல்சைமரின் கையெழுத்தில் கேள்விகளும் பதில்களும், அம்மையார் பாதியில் விட்ட கையெழுத்தும் அதில் அப்படியே இருந்தன. மார்க்ட்பிரைட்டில் அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

ஏர்வாடியை நினைத்துப் பார்ப்போம்

அல்சைமர் நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை. நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கும் மருந்துகள் உண்டு. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் உள்ளதாக 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. கணக்கிட்டால் சுமார் 88 லட்சம் பேர். மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய்தான்.

மறதி எல்லாம் அல்சைமர் நோய் ஆகிவிடாது. தைராய்டு குறைந்தாலும், பி 12 வைட்டமின் குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டினாலும் இப்படி ஆகலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. குணமும் கிடைக்கும். அதனால்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது.

நம்மவர்களில் பலர் முதலில் போவது வேறு இடத்துக்கு. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந்தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். பிராங்பர்ட்டில் சியோலியும் அல்சைமரும் நோயாளிகளைக் கட்டிப் போடாமல் கவனிக்கத் தொடங்கி அப்போது நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வகையிலும் தடை செய்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாம் குடியிருக்கும் கேரளத்தில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் டாக்டர்கள் ஊர் ஊராக வந்து பார்க்கிறார்கள். மறதி நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உதவும் இந்தியச் சங்கம் 1992-ல் தொடங்கப்பட்டதும் இதே கேரளத்தில்தான்.

தோட்டத்து வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் போகிறவர்கள் வீட்டில், இப்படி ஒரு முதியவரைப் பார்த்துக் கொள்வது எளிது அல்ல. ஒரு நாள் சம்பளம் போகும், தூக்கம் போகும், பொறுமையும் போகும். ரெயில்வே குமாஸ்தா கார்ல் பட்ட பாடும் அதுதான். ஆனால் மருமகளைத் திருடி என்று சொல்வது அந்தத் தாயின் மனம் அல்ல, நோய்தான் என்று தெரிந்துவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும். அவர் சட்டைப் பையிலோ முந்தானையிலோ பெயரும் விலாசமும் எழுதிய சீட்டு ஒன்று இருந்தால், வழி தவறினாலும் யாராவது கொண்டு வந்து சேர்ப்பார்கள்.

அல்சைமர் மைக்ராஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மைக்ராஸ்கோப் எல்லோரிடமும் இருக்காது. பக்கத்தில் உட்காருவது எல்லோராலும் முடியும்.